இன்னும் ஏழு வருஷம்

கடைசிக் குழந்தையையும் இறக்கிவிட்ட பள்ளி வேன் மரநிழலில் நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் அம்மா. பக்கத்தில் மகள், மடியில் விமானப் பொறியியல் கல்லூரியின் பளபளப்பான கையேடு. படித்தவுடன் வேலை என்று அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மகள் அதை அப்படியே நம்பிவிடவில்லை. அங்கே படித்து முடித்த ஐந்து பேருக்குப் போன் போட்டு, அவர்கள் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். "ரெண்டு பேருக்குத்தான்மா வேலை கெடச்சிருக்கு. பட்டம் மட்டும் போதாது, விமானத்த ரிப்பேர் பண்றதுக்கான லைசென்ஸ் பரீட்சையும் பாஸ் பண்ணணும். நல்ல சம்பளம் வர ஆறேழு வருஷம் ஆகும்." மாலை வெயில் கன்னத்தில் விழ, குரலை இறக்காமல் சொல்கிறாள். "பீஸ் கட்டினா, நீ புது வேனுக்குச் சேத்து வெச்சது மொத்தமும் கரைஞ்சிடும்." உயிராய் ஆசைப்படும் படிப்பின் குறைகளைத் தானே முன்னால் எடுத்து வைக்கும் பெண்ணை அம்மா கண்ணெடுக்காமல் பார்க்கிறாள். இவளையா இத்தனை நாள் விவரம் தெரியாதவள் என்று நினைத்திருந்தோம் என்று நெஞ்சு நிமிர்கிறது. "பரீட்சைய பாஸ் பண்ணிடுவியா?" "பண்ணிடுவேன்மா." அம்மா சாவியைத் திருகுகிறாள். பழைய எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுச் சீராக உறுமத் தொடங்குகிறது. "இது இன்னும் ஏழு வருஷம் ஓடும்," என்கிறாள்.