மரத்தடி ஈரம்

"முதல் மழைக்கு வெட்டவெளிதான் நனையும், கசில்டா. ஓக் மரத்தடி காஞ்சேதான் கெடக்கும். வர்ற தண்ணிய இலைங்க புடிச்சுக்குது." கல்யாணமான புதிதில் லெயாண்ட்ரோ சொன்னது. "அப்போ பக்கத்துல இருக்கறவளுக்குத்தான் ஒண்ணும் கெடைக்காதுன்னு சொல்லு" என்றேன். சிரித்துவிட்டு, மண்ணில் ஈரம் பார்க்கத் தனியாகவே மேய்ச்சல் காட்டுக்குப் போனான்.

பதினான்கு வருடமாக அப்படித்தான் போகிறான். இன்று காலை அவனுக்குத் துணை இருக்கிறது. இரவு பெய்த மழையில் வெட்டவெளி கறுத்திருக்கிறது. மரத்தைச் சுற்றி மட்டும் வெளிறிய வட்டம். அதற்குள் என் புருஷனும், மண்ணை ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இத்சியார் என்ற பெண்ணும் முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் ஈரம் அளக்கும் கருவியின் கம்பிகளை மண்ணில் இறக்குகிறாள். அவன் ஒரு பிடி மண்ணை அள்ளி, அழுத்தி, முகர்கிறான். "ஈரம் பதினொண்ணு சதவீதம்" என்கிறான். "பதினொண்ணரை! நீ மனுஷனா, மீட்டரா?" கருவியில் பார்த்துவிட்டு அவள் சிரிக்கிறாள். அவன் அந்த மண்ணை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறான். "இப்டி அழுத்திப் பாரு. உதிருதா?" எங்கோ பன்றிகள் ஓக் கொட்டைகளை நொறுக்குகின்றன. அவர்களுக்கு ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்த கூடையின் பிடி என் கையை அறுக்கிறது. அவளுடைய அழகு என்னை ஒன்றும் செய்யவில்லை. அந்த ஒரு பிடி மண்தான் என்னை எரிக்கிறது.

"காப்பி ஆறிடுச்சா, கசில்டா?" என்கிறான், நிமிராமலே.

"நாளைக்கு மண்ணு பாக்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ, லெயாண்ட்ரோ."