பிடித்தம் போக

"ஐயாயிரம் ஏத்திட்டாங்கன்னு துள்ளாதே. கைக்கு எவ்வளவு வரும், அதைச் சொல்லு" என்றார் வீட்டுக்காரர், வெங்காயம் உரித்துக்கொண்டே.

அவள் துள்ளுவதை நிறுத்தினாள். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லாரிகளில் சரக்கேற்றி அனுப்புகிற வேலை முழுக்க அவள் பொறுப்பு. சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல் உயர்வு.

"ஐயாயிரம்னா ஐயாயிரம்தானே?"

"வரி யாரு கட்டுறது? நீ வாங்குற சம்பளத்துக்கு, ஏத்தின காசுல அஞ்சுல ஒரு பங்கைப் பிடிச்சுட்டுத்தான் குடுப்பாங்க."

கைப்பேசியில் தட்டிப் பார்த்தாள். நாலாயிரம். முகம் தொங்கிப் போயிற்று.

பக்கத்துத் தெருவில் அம்மாவுக்காக ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். வாடகை ஐயாயிரம். அம்மா இப்போது அண்ணன் வீட்டுக் கூடத்தில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே படுத்துக் கிடக்கிறாள். "மருமகன் காசுல நான் இருக்க மாட்டேன். நீ உழைச்ச காசுன்னா வர்றேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். நாளை மத்தியானத்துக்குள் முன்பணம் கொடுக்காவிட்டால் அறை வேறு ஆளுக்குப் போய்விடும்.

சம்பள உயர்வை நம்பவே கூடாது. ஏற்றும்போது ஊருக்கே கேட்கும். பிடிக்கும்போது சத்தமே இருக்காது.

"சரி, இன்னொரு ஆயிரம் கேக்குறேன்."

"அந்த ஆயிரத்துலயும் இருநூறு போயிடும். அப்புறம் மூக்கால அழுவே. மொத்தமா ஆறாயிரத்து இருநூத்தம்பது கேளு. பிடித்தம் போக ஐயாயிரம் முழுசா நிக்கும்."

"எங்க முதலாளியா குடுப்பாரு? கஞ்ச மகாபிரபு. வளைஞ்ச ஆணியை நிமிர்த்தி அடிக்கச் சொல்ற ஆளு."

வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "கஞ்சன்னு சொல்லாதே. கணக்கான ஆளுன்னு சொல்லு."

"நீங்க ஏன் அவருக்குப் பரிஞ்சு பேசுறீங்க?"

"பரியலை. எதிராளி எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசணும்ல? கெஞ்சாதே. நீ லீவு போட்ட அன்னைக்கு லாரி வாசல்லயே நின்னுச்சே, அதை எடுத்து விடு. வாயை மூடிக்குவாரு."

மறுநாள் காலை முதலாளி அறைக்குள் போனாள்.

"உட்காருங்கம்மா."

உட்காரவில்லை. "ஐயாயிரம் பத்தாது சார். ஆறாயிரத்து இருநூத்தம்பது வேணும்."

"நேத்துதானே ஏத்தினேன்?"

"வரிப் பிடித்தம் போக நாலாயிரம்தான் நிக்குது."

"வரி நானா போட்டேன்?"

"நான் லீவு போட்ட அன்னைக்கு லாரி வாசல்லயே நின்னுச்சே, அது யாருக்கு நஷ்டம் சார்?"

முதலாளி கன்னத்தைத் தடவிக்கொண்டார். "உங்களுக்கு இதெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுக்குறது?"

"வீட்டுக்காரர்."

"பொல்லாத ஆளா இருப்பாரு போல."

"அவரை விடுங்க சார். குடுக்க முடியுமா, நான் வேற கம்பெனி பாத்துக்கட்டுமா?"

முதலாளி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கட்டிய பெட்டிகள் மலையாகக் குவிந்திருந்தன. இரண்டு லாரிக்காரர்கள் அவளுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்துக் கணக்குப் பிரிவைக் கூப்பிட்டார். "சரக்கு அனுப்புற அம்மாவுக்கு நேத்து ஏத்தினோம்ல, அதோட இன்னும் ஆயிரத்து இருநூத்தம்பது சேர்த்துக்கோங்க. ஆமா, இந்த மாசத்துலயிருந்தே."

ஜெயித்துவிட்டாள். கதவு வரைக்கும் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

"நில்லு" என்றார் முதலாளி. "நேரா போய் அந்த ரூமுக்கு அட்வான்ஸைக் குடுத்துட்டு வா. சாயங்காலம் நானே கார் எடுத்துட்டுப் போய் அத்தையைக் கூட்டிட்டு வர்றேன். என் காசுன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதே."

"உங்க காசு எங்க இருக்கு? நான் உழைச்சது" என்றாள் அவர் மனைவி. "அப்புறம், கம்பெனிக்குள்ள குடும்பப் பேச்சு பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதான், சார்."