மருதாணி காயும்வரை

மருதாணி வைத்த கையை நினைத்துப் பாருங்கள், கண்ணுகளா. அதனால் ஒரு கொசுவைக்கூட விரட்ட முடியாது. மறுநாள் கல்யாணமாகப் போகிற ரமீசாவுக்கு முழங்கைவரையும் கணுக்கால்வரையும் பூ வரைந்து, அறைக்குள் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அது காயும்வரை எதையும் தொடக்கூடாது, தரையில் கால் ஊன்றக்கூடாது. உம்மா தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்து நெய்ச்சோற்றை உருட்டினாள்.

“உம்மா, எனக்கு இந்த மாப்பிள்ள வேணா…”

உருண்டை வாய்க்குள் போனது.

“மென்னு முழுங்கு. கறி வெந்திருக்கா?”

ரமீசா மெல்லாமலே விழுங்கினாள். “வாப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். இன்னைக்கே சொன்னாத்தான்…”

அடுத்த உருண்டை.

“கைய ஆட்டாதடி, பூவெல்லாம் கலைஞ்சிரும்.”

வாப்பாவின் தங்கை வெளியிலிருந்து உம்மாவுக்குக் குரல் கொடுத்தாள். “மச்சி, பொண்ணு சாப்பிட்டாளா? ரொம்ப ஊட்டாதீங்க, நாளைக்கு மாப்பிள்ளைதான் தூக்கணும்!” பெண்கள் சிரித்தார்கள்.

அடுத்த உருண்டைக்கு ரமீசா தானாகவே வாயைத் திறந்தாள். சோற்றோடு உம்மாவின் இரண்டு விரல்களையும் பற்களால் பிடித்துக்கொண்டாள். கடிக்கவில்லை, விடவும் இல்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்க அவளுக்குக் கை இல்லை. உம்மாவின் மற்றொரு கையில் தட்டு இருந்தது.

“தெரியும்டி,” என்றாள் உம்மா, மெல்ல. “எனக்குத் தெரியும். விடு.”

பற்கள் விடவில்லை.

“மச்சி, சாப்பிட்டாளா இல்லையா?” குரல் கதவை நெருங்கி வந்தது.

உம்மா விரல்களை இழுத்துக்கொள்ளவில்லை.