தெரிந்தவர் வீட்டு டிஸ்ட்ரிபியூட்டர்

பழைய டிஸ்ட்ரிபியூட்டரை எஞ்சினிலிருந்து உருவியதும், பல் டாக்டர் அதைச் சொத்தைப் பல்லைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நடுத்தண்டு ஆடியது. மூடியில் மயிரிழை விரிசல். நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்துப் பொறியைப் பங்கிட வேண்டிய கருவி, கொஞ்ச நாளாகத் தன் இஷ்டத்துக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்தது.

"புடுங்கியாச்சுல்ல, பஞ்சு வச்சுக் கடிச்சுக்கச் சொல்லுங்க மாப்ள," என்றார் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். சர்வேயர். அவரிடமும் இதே கார், இதே மாடல். வீட்டு ஷெட்டில் உறை போட்டு நிறுத்தியிருந்தார். தன் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை என்ற தெம்பில், ஸ்கூட்டரில் ஸ்பானர் பையோடு உதவிக்கு வந்திருந்தார்.

ஒன்பது மணிக்குப் பழைய கார்களின் ஊர்வலம்.

போன வருடம் டாக்டரின் கார் கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டு வந்து சேர்ந்தது. இந்த வருடமும் சொந்த எஞ்சினில் வராவிட்டால் கார் சங்கத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பல் டாக்டர்கள் சங்கத்திலிருந்து எடுத்தால்கூட அவர் இவ்வளவு கலங்கமாட்டார்.

இந்த மாடலுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். டாக்டர் தேடாத கடை இல்லை. நேற்று மாலை மனைவிதான் துணிப்பையில் போட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடந்ததாம். டாக்டர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. விசாரித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்துவிடுமோ என்று பயம்.

மச்சான் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் கனிந்தது.

"எவனோ பெரிய ரசிகன் வச்சிருந்திருக்கான் மாப்ள. கிரீஸ் தடவியிருக்கிற அழகைப் பாருங்க. நீங்களும் இருக்கீங்களே!"

டாக்டர் பொறுத்துக்கொண்டார். காரியம் ஆக வேண்டும்.

நிழல் மறைத்ததால் இருவரும் காரை ஒரு முழம் முன்னால் தள்ளினார்கள். கியரில் இருந்ததைக் கவனிக்கவில்லை. ஏன் இப்படிக் கனக்கிறது என்று மட்டும் ஆளுக்கொரு முறை கேட்டுக்கொண்டார்கள்.

அதோடு எஞ்சினும் சுழன்றுவிட்டது. பழையது எந்த வாக்கில் நின்றது என்று சாக்பீஸில் போட்டு வைத்த அடையாளத்துக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று.

அது தெரியாமல் புதியதைப் பொருத்தி, மூடியை மாட்டி, டாக்டர் சாவியைத் திருப்பினார்.

டுமீல்!

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் உட்கார்ந்துவிட்டார். மச்சானின் புருவத்தில் பாதி கருகியிருந்தது.

"முறை மாறிப் போச்சு," என்றார் அவர், மிச்சப் புருவத்தைத் தடவியபடி.

முதல் பிளக்கைக் கழற்றினார்கள். மச்சான் முன்னால் நின்று எஞ்சினைச் சுழற்றும் கைப்பிடியைச் சுற்றினார். டாக்டர் பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டார். ஊர்ப்பட்ட வாய்களுக்குள் விரல் விட்டுப் பழகியவர். காற்று விரலைத் தள்ளிய கணத்தைச் சரியாகப் பிடித்தார்.

"நிறுத்துங்க மச்சான்!"

டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி, அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறக்கி, பிளக்கையும் மாட்டினார்கள்.

இந்த முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. செருமியது, தயங்கியது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டாக்டர் கண்களை மூடிக்கொண்டார். மச்சான் பானெட்டைச் சாத்தி, கையைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்.

"நான் போய் என் வண்டிய எடுத்துட்டு வர்றேன். கொடி அசைக்கிற எடத்துல பாக்கலாம்."

மனைவி அதற்குள் புதுப் புடவையும் கான்வாஸ் ஷூவுமாக வந்து பின் சீட்டில் ஏறியிருந்தாள்.

"நீயும் இதுலயே வந்துடுண்ணே. போற வழியில அண்ணிய ஏத்திக்கலாம்."

"ஏன், என் வண்டிக்கு என்ன?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"வருஷா வருஷம் நடுவழியில அண்ணி ஒரு வண்டியத் தள்றாங்க, நான் ஒரு வண்டியத் தள்றேன். ஒரே வண்டின்னா ரெண்டு பேரும் சேந்து தள்ளலாமேன்னு உன் வண்டியில இருந்ததை அண்ணிதான் கழட்டிக் குடுத்தாங்க."

மச்சான் பானெட்டைத் திரும்பிப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மிக இனிமையான சத்தம்.

பிறகு அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பானெட்டை நோக்கி வந்தார்.

டாக்டர் முதல் கியரைப் போட்டார்.