சேவ் பண்ணாத பேர்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பி வழியே விழுந்து கீபோர்டில் படிந்த பஞ்சுத் தூசியைக் காட்டுகிறது. இராஜபாளையத்தில் பஞ்சு மில்லை ஒட்டிய மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தால் அப்படித்தான். மாரிக்கனி அதைத் துடைக்காமல் பார்த்தபடியே இருக்கிறாள். போலீஸில் இருந்த கணவர் இறந்துபோக, வாரிசு வேலை வந்திருக்கிறது. சேருமுன் கம்ப்யூட்டர் பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். "திரை சும்மா காட்டும், அம்புட்டுத்தான்க்கா. வேலையெல்லாம் கீழ இருக்க பெட்டிதான் செய்யும்," என்கிறாள் சொல்லித்தரும் பிளஸ்ஸி. "ஏதாச்சும் ஒரு பேரு அடிச்சுப் பாருங்க." மாரிக்கனி ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடிக்கிறாள். கடைசி எழுத்து விழுந்ததும் கரண்ட் போகிறது. கறுத்த திரையில் அவள் முகம் தெரிகிறது. கீழே ஜெனரேட்டர் உறுமுகிறது. செத்த நேரத்தில் திரை வெறுமையாகத் திரும்பி வருகிறது. "சேவ் பண்ணலைன்னா பெட்டி ஞாபகத்துல நிக்காதுக்கா, கரண்டோட போயிரும். யாரு பேரு அடிச்சீக? சொல்லுங்க, நான் அடிச்சு சேவ் பண்ணிக் காட்டுறேன்." கல்யாணமான நாளிலிருந்து மாரிக்கனி வாயால் சொல்லாத பேர் அது. வீட்டில் 'இவுக', வெளியில் 'பிள்ளைக அப்பா'. பஸ்ஸின் ஊர்ப்பலகையை வாசிப்பதுபோல, "பாண்டிதுரை," என்கிறாள். குரலில் ஒன்றுமே இல்லை. "ஜெனரேட்டர் சத்தத்துல கேக்கலக்கா. சத்தமாச் சொல்லுங்க." "பாண்டிதுரை!" என்கிறாள். கூப்பிடுவதுபோல இருக்கிறது.