வில்ஃப் உட்கார்ந்த இடம்

பாலத்தில் சைக்கிளை நிறுத்திய நோரிஸுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

ஏப்ரல் மாசம். மீன் முட்டை போடுகிற பருவம். ஜூன் பாதி வரைக்கும் செவர்ன் ஆற்றில் யாரும் தூண்டில் போடக் கூடாது. கீழே ஒருத்தன் ஜம்மென்று உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்கிறான். அதுவும் சிநேகிதன் வில்ஃப் வழக்கமாக உட்காருகிற இடத்தில். வில்ஃபைப் புதைத்து ஒரு மாசம்கூட ஆகவில்லை.

தலையில் வில்ஃப் மாதிரியே பச்சைத் தொப்பி வேறு. என்ன கொழுப்பு பாருங்கள்.

விடுவிடுவென்று கரைக்கு இறங்கினார். கிட்டே போனதும்தான் ஆள் தெரிந்தது. கிளெம். மீன்பிடிச் சங்கத்தின் ஆற்றுக் காவலர். போன வருஷம், பருவம் திறக்கிற நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னாடியே தூண்டிலை வீசிவிட்டார் என்று நோரிஸை ஒரு மாசம் சங்கத்தை விட்டு நிறுத்தி வைத்த அதே மகராசன்.

நோரிஸுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"என்ன காவலரே, மீன் கடிக்குதா?"

"சத்தம் போடாதே. இப்படிப் புதர்ப் பக்கமா வந்து நில்லு."

"நிக்கிறேன். நாளைக்குக் கமிட்டி முன்னாடியும் நிக்கிறேன். எனக்கு ஒரு மாசம்னா உனக்கு ஆயுசு பூராப் போடணும்."

"தாராளமாப் போடு. முதல்ல அந்த நூலை இழுத்துப் பாரு."

இழுத்தார். தக்கை வந்தது. ஈயக் குண்டு வந்தது. முள்ளைக் காணோம்.

"முள் இல்லாம என்னத்தைய்யா பிடிக்கிறே?"

கிளெம் அக்கரையைக் கண்ணால் காட்டினார். முதியோர் இல்லம். மாடி ஜன்னலில் ஒரு வெள்ளைத் தலை.

"எனிட். வில்ஃபோட சம்சாரம். அவன் செத்துட்டான்னு சொன்னா அழறாங்க. மறுநாள் மறந்துட்டு, அவர் எங்கேன்னு கேக்கறாங்க. திரும்பச் சொல்லணும், திரும்ப அழணும். நர்ஸுக்கே தாங்கல. வில்ஃப் மாதிரி இங்கே வந்து உட்காரச் சொல்லி என்கிட்ட கேட்டுச்சு."

"ஏப்ரல்ல தூண்டில் போட்டா சந்தேகம் வராதா?"

"அவங்களுக்கு எந்நாளும் ஜூன் மாசம்தான்."

நோரிஸ் கையிலிருந்த நூலை மெல்லத் தண்ணீரில் விட்டார்.

"ஆனா பிரயோஜனம் இல்லை," என்றார் கிளெம். "நாலு நாளா உட்கார்றேன். வில்ஃப் தூண்டிலை வீசினதும் கை ஆட்டுவாங்களாம். எனக்கு ஆட்டல. 'எங்க வீட்டுக்காரர் இடத்துல யாரது'ன்னு நர்ஸைத் துளைச்சு எடுக்கறாங்க. அதே தொப்பி, அதே கோட்டு, அதே ஸ்டூல். என்ன தப்புன்னே புரியல. நாளைலேர்ந்து பழையபடி உண்மையைச் சொல்லி அழவைக்க வேண்டியதுதான்."

நோரிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வில்ஃபுக்குப் பக்கத்து இடத்திலேயே தூண்டில் போட்டுக் காலம் தள்ளியவர் நோரிஸ்.

"எந்திரிய்யா. வில்ஃப் இடது கைக்காரன். உனக்கு அது வராது. எனக்கு வரும்."

ஜன்னலில் தலை அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஆளும் கோட்டும் தொப்பியும் மாறின. நோரிஸ் பச்சைத் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு இடது கையால் வீசினார். தக்கை போய் விழுந்தது.

அக்கரையில் மெதுவாக ஒரு கை எழுந்தது.

நோரிஸும் ஆட்டினார். புதருக்குள் இருந்த கிளெமிடம் திரும்பாமலே சொன்னார்:

"இந்த வருஷமும் என்னை ஒரு மாசம் நிறுத்தி வைக்கணும்னா ஜூன்ல வச்சுக்கோ. இப்ப எனக்கு வேலை இருக்கு."