குழந்தைகள் பார்க்கலாமா?

“அப்பா, மேலோட்டமாப் பாக்காதீங்க. உள்ள போய் ஒவ்வொண்ணாப் பாத்துட்டு, குழந்தைங்களுக்கு ஏத்ததா இல்லையான்னு சொல்லுங்க!”

மடிக்கணினியை ஹென்ரிக்கின் முன்னால் வைத்துவிட்டு, பத்து வயது தூவா இஞ்சி பிஸ்கட் டப்பாவுடன் மாடிக்கு ஓடினாள். ஐந்து வயதுத் தங்கை ஆல்மா பிஸ்கட்டின் பின்னாலேயே ஓடினாள்.

தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று டிசம்பருக்காகத் திறந்திருந்த சிறுவர் இணையதளம் அது. தூவாவின் பள்ளிக்கூடமே அதில்தான் மூழ்கிக் கிடந்தது.

“கெட்ட வார்த்தை?” என்று கேட்டாள் அவன் மனைவி மாலின்.

“இல்ல.”

“விளம்பரம்?”

“மருந்துக்குக்கூட இல்ல. ஒரு பூதம் வருது. உன் அண்ணனைவிட அழகாத்தான் இருக்கு.”

“கிண்டல் போதும், சரின்னு சொல்லிடு. பாவம், ஆசையாக் கேக்குறா.”

ஹென்ரிக் கடைசிக் காணொளியைத் தட்டினான். ஒரு துணிப் பொம்மை கண்ணைச் சிமிட்டியது. “கிறிஸ்துமஸ் தாத்தா வர்ற நேரத்துல மட்டும் உங்க அப்பா ஏன் பேப்பர் வாங்கப் போறாரு? அன்னைக்கு எந்தக் கடை திறந்திருக்கு?”

ஹென்ரிக்குக்குப் பகீரென்றது. வருடா வருடம் “பேப்பர் வாங்கிட்டு வரேன்” என்று கிளம்பி, பக்கத்து வீட்டில் தாடி ஒட்டிக்கொண்டு, பரிசு மூட்டையுடன் வருகிறவன் அவன்தான். தாத்தா போன பிறகு பழையபடி உள்ளே நுழைந்து, “அடடா, இந்த வருஷமும் பாக்காம விட்டுட்டேனே!” என்று அங்கலாய்ப்பான். ஸ்வீடனில் பாதி அப்பாக்களின் பிழைப்பு இதுதான்.

“படுபாவிங்க! தூவா பாத்தா மனசு உடைஞ்சிடுவா!” மாலின் பதறினாள்.

“இன்னும் ஒரே ஒரு வருஷமாவது அவ நம்பட்டும். தாத்தாவைப் பாத்ததும் அவ முகம் மலருமே, அதுக்காகத்தானே அந்தத் தாடிக்குள்ள கிடந்து வேகுறேன்.”

தளத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, தூவாவைக் கூப்பிட்டார்கள்.

“அது வேணாம்டா கண்ணு,” என்றான் ஹென்ரிக், அழுதுவிடுவாளோ என்ற பயத்துடன். “ஏன்னு மட்டும் கேக்காதே.”

தூவா அழவில்லை. மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். ஆல்மா அங்கே இல்லை என்று தெரிந்ததும் கதவைச் சாத்தினாள்.

“அப்பாடா! அந்தப் பொம்மையைப் பாக்காமலே சரின்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்தே போயிட்டேன். ஆல்மா பாத்திருந்தா என்ன ஆகுறது?” என்றவள், அப்பாவின் காதருகே குனிந்தாள். “அப்புறம்ப்பா, இந்த வருஷம் பேப்பர் வாங்கப் போறப்ப ஷூவை மாத்திக்கோங்க. மூணு வருஷமா தாத்தா உங்க ஷூவுலதான் வர்றாரு.”